வெல்லிங்டன் பிரபு வெல்லெஸ்லியா, வெஸ்லியா, கோலியா?

கேள்வி இதுதான்: "வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபுவின் குடும்பப் பெயரைத் தேடினால் ஓர் இடத்தில் வெல்லெஸ்லி என்கிறார்கள், இன்னோர் இடத்தில் வெஸ்லி என்கிறார்கள், மூன்றாவதாக ஒருவர் கோலி என்கிறார். எது சரி? மெதடிஸ்ட் சபையின் ஜான் வெஸ்லியும் இவரும் ஒரே குடும்பமா? எங்கள் தாத்தா பெயரும் வெஸ்லி, அதனால் கேட்கிறேன்."

மூன்றும் சரிதான். எந்த வருஷத்தில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1728க்கு முன்னால் அந்தக் குடும்பம் கோலி. அதிலிருந்து எழுபது வருஷம் வெஸ்லி. 1798 மே மாதம் முதல் இவர் வெல்லெஸ்லி. வெல்லிங்டன் என்பது குடும்பப் பெயரே இல்லை, 1809இல் கிடைத்த பட்டம். ஜான் வெஸ்லிக்கும் இவருக்கும் உறவா என்றால், ஆண் வழியில் கிடையாது. ஆனால் அங்கே ஒரு கதை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நமக்கு இனிஷியல்தான் பழக்கம், குடும்பப் பெயர் என்ற ஒன்றை நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பிரிட்டிஷ் பிரபுக்கள் விஷயத்தில் இன்னும் குழப்பம், ஏனென்றால் அவர்களுக்குக் குடும்பப் பெயர் தனி, பட்டப் பெயர் தனி. (பட்டங்களின் வரிசை, கீழிருந்து மேலே: பாரன், வைகவுண்ட், ஏர்ல், மார்க்விஸ், டியூக்.) பட்டம் வந்துவிட்டால் கையெழுத்துகூடப் பட்டத்தின் பெயரில்தான் போடுவார்கள். குடும்பப் பெயர் காகிதத்திலிருந்தே காணாமல் போய்விடும். வெல்லிங்டனின் ஞானஸ்நானப் பதிவு இதற்கு நல்ல உதாரணம். டப்ளினில் செயின்ட் பீட்டர்ஸ் ஆலயப் பதிவேட்டில் 1769 ஏப்ரல் 30 தேதியில் ஒரு வரி இருக்கிறது: மார்னிங்டன் ஏர்லுக்கும் அவர் மனைவிக்கும் பிறந்த ஆர்தர். அவ்வளவுதான். வெஸ்லியும் இல்லை, வெல்லெஸ்லியும் இல்லை. அப்பா மார்னிங்டன் ஏர்ல் என்பதால் அதற்குமேல் எழுதவேண்டிய அவசியம் அந்தப் பாதிரியாருக்கு இருக்கவில்லை. (வேடிக்கை என்னவென்றால், வெல்லிங்டன் தன் வாழ்நாள் முழுக்கப் பிறந்தநாள் கொண்டாடியது மே 1ஆம் தேதி. பிறப்பதற்கு முந்தின நாளே ஞானஸ்நானம் ஆனதாகக் கணக்கு வருகிறது!)

ஆகவே ஞானஸ்நானப் பதிவில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ராணுவப் பட்டியலில் தேடவேண்டும். அங்கே ஒரு தடவை நான் ஏமாந்திருக்கிறேன். 1790களின் பட்டியல்களில் 'வெல்லெஸ்லி' என்று அடித்து மணிக்கணக்காகத் தேடினேன். 1787இல் எழுபத்துமூன்றாம் படைப்பிரிவில் என்சைனாக, அதாவது கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தவர், 1790இல் டிரிம் தொகுதியிலிருந்து ஐரிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனவர், 1793இல் முப்பத்துமூன்றாம் படைப்பிரிவுக்கு லெப்டினன்ட் கர்னலானவர் எப்படிக் காணாமல் போவார் என்று மண்டையைக் குடைந்தது. 'வெஸ்லி' என்று அடித்ததும் வரிசையாக வந்து நின்றார். சரித்திரப் புத்தகங்கள் எல்லாம் "1769இல் ஆர்தர் வெல்லெஸ்லி பிறந்தார்" என்றே எழுதிவிடுவதால் வந்த வினை. பிறந்தபோது அப்படி ஒருவர் இல்லை.

பெயர் மாறிய இடம் இந்தியா. ஆர்தர் வெஸ்லி தன் படைப்பிரிவோடு 1797 பிப்ரவரியில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். மறு வருஷம் அவருடைய அண்ணன் ரிச்சர்ட், அதாவது இரண்டாம் மார்னிங்டன் ஏர்ல், கவர்னர் ஜெனரலாக வந்தார். ஏப்ரல் கடைசியில் சென்னையில் இறங்கி, மே 17ஆம் தேதி கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அப்போது சென்னையில் படைத்தலைவராகவும் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர் ஜெனரல் ஹாரிஸ். அண்ணன் வந்து சேர்ந்த செய்தியைச் சொல்லி ஆர்தர் ஹாரிஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், தேதி மே 19. அந்தக் கடிதத்தின் அடியில்தான் முதல் தடவையாக 'வெல்லெஸ்லி' என்ற கையெழுத்து. அதற்கு முந்தைய கடிதங்களில் வெஸ்லி. ஆக, உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர் முதலில் கையெழுத்தான கடிதம் நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்த கடிதம்.

இதற்கு அரசு உத்தரவு, கெஸட் அறிவிப்பு என்று எதுவும் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் சில வருஷங்களுக்கு முன்பே வெல்லெஸ்லிக்கு மாறிவிட்டார். அதுதான் குடும்பத்தின் பழைய, சரியான எழுத்து என்பது அவர் வாதம். வீட்டுக்குப் பெரியவர், கவர்னர் ஜெனரல் வேறு, தம்பி எதற்குத் தனியாக ஓர் எழுத்தை வைத்துக்கொண்டிருக்கவேண்டும்? மாற்றிக்கொண்டார். மெதடிஸ்ட் வெஸ்லிகளோடு தங்களைச் சேர்த்துப் பேசுவது பிடிக்காமல்தான் மாற்றினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதைவிட ரிச்சர்டின் குணமே போதுமான காரணமாகப் படுகிறது. பகட்டு பிடித்த மனிதர். ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்குப் பிறகு 1799 டிசம்பரில் அவருக்கு மார்க்விஸ் பட்டம் கொடுத்தார்கள். ஆனால் அது இங்கிலாந்துப் பட்டம் இல்லை, அயர்லாந்துப் பட்டம். "இரட்டை முலாம் பூசின உருளைக்கிழங்கு" என்று சொல்லிப் பொருமினார். அப்படிப்பட்டவருக்கு 'வெஸ்லி' சப்பென்று இருந்திருக்கும். 'வெல்லெஸ்லி' என்றால் ஒரு நார்மன் வாசனை வருகிறது அல்லவா.

தென்னிந்திய வரலாறு படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். 1799 ஆவணங்களில் 'மார்னிங்டன் பிரபு' என்றால் அண்ணன், 'கர்னல் வெல்லெஸ்லி' என்றால் தம்பி. அண்ணன் மார்க்விஸ் ஆனபிறகு அவர் பட்டமே வெல்லெஸ்லி ஆகிவிடுகிறது. அப்புறம் 'வெல்லெஸ்லி பிரபு' என்றால் அண்ணன், 'ஜெனரல் வெல்லெஸ்லி' என்றால் தம்பி. போதாக்குறைக்கு ஹென்றி வெல்லெஸ்லி என்று இன்னொரு தம்பி வேறு அண்ணனுக்குச் செயலாளராக வந்திருந்தார். நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் துணைப்படைத் திட்டம் கொண்டுவந்த வெல்லெஸ்லி அண்ணன் ரிச்சர்ட். தஞ்சாவூர் 1799இலும் கர்நாடக நவாபின் சீமை 1801இலும் கும்பெனி கைக்குப் போனது அவர் காலத்தில். 1800இல் தூந்தியா வாக் என்ற கலகத் தலைவனைத் துரத்தி வீழ்த்தியவரும் 1803இல் அசாயேயில் மராட்டியரோடு மோதினவரும் தம்பி ஆர்தர். பினாங்குக்கு எதிர்க்கரையில் தமிழர்கள் தோட்டத் தொழிலாளர்களாகப் போய்க் குடியேறிய 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' அண்ணனின் பெயர். குன்னூரை ஒட்டி, ஜக்கதளா என்று இருந்த பாளையத்துக்கு வைத்த 'வெல்லிங்டன்' தம்பியின் பெயர். மேடைப் பேச்சுகளில் இருவரையும் ஒரே ஆளாக்கிப் பேசுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

சரி, வெஸ்லிக்கு முன்னால் என்ன? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

அயர்லாந்தில் மீத் கவுண்டியில் டங்கன் என்ற இடத்தில் கரெட் வெஸ்லி என்ற நிலப்பிரபு இருந்தார். நிறைய நிலம், பிள்ளை இல்லை. 1728இல் இறந்துபோனார். சொத்தை எழுதிவைத்தது ரிச்சர்ட் கோலி என்பவருக்கு. இந்தக் 'கோலி'யைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே பிரச்சினை. உச்சரிப்புப்படி 'காலி' என்று எழுதினால் குடும்பமே காலியானது போலத் தெரிகிறது, 'கோலி' என்று எழுதினால் கிரிக்கெட் ஞாபகம் வருகிறது. கிரிக்கெட்டே தேவலை. இந்த ரிச்சர்ட் கோலியின் அத்தை எலிசபெத் கோலிதான் அந்தக் கரெட்டின் தாய். அதாவது இறந்தவர் இவருக்கு அத்தை பிள்ளை. உறவு பெண் வழியில்தான். ரிச்சர்டின் ஆண் வழியில் வெஸ்லியே கிடையாது.

சொத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது: வெஸ்லி என்ற பெயரையும் அந்தக் குடும்பத்தின் இலச்சினையையும் எடுத்துக்கொள்ளவேண்டும். நம்மூர் சுவீகாரம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஜமீன்களில் தத்துப் போன பிள்ளை, பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிட்டுப் போன வீட்டுப் பெயரோடுதான் பட்டத்துக்கு வருவார். அங்கே தத்து என்ற சடங்கு இல்லை, உயில் போதும். ரிச்சர்ட் கோலி அன்றைக்கு ரிச்சர்ட் வெஸ்லி ஆனார். 1746இல் மார்னிங்டன் பாரன் ஆனார். அவருடைய மகனுக்குப் பெயர் கரெட். நிலம் கொடுத்தவரின் பெயர் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. இந்த மகன் கரெட் 1760இல் ஏர்ல் ஆனார், 1764இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியராகவும் ஆனார். அவருடைய மகன்தான் நம் ஆர்தர். சுருக்கமாகச் சொன்னால் வெல்லிங்டனுக்கு அந்தப் பெயர் தாத்தாவிடமிருந்து வந்தது, தாத்தாவுக்கு நிலத்திலிருந்து வந்தது.

ரத்தத்தால் அவர் கோலி. அந்தக் குடும்பமும் லேசுப்பட்டதல்ல. எட்டாம் ஹென்றி காலத்தில் ராபர்ட் கௌலி என்பவர் டப்ளினில் மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் என்ற பெரிய நீதிப் பதவியில் இருந்தார். கில்டேர் கவுண்டியில் கார்பரி கோட்டை அவர்களுடையது. கௌலி, கோலி இரண்டும் ஒரே பெயரின் இரண்டு எழுத்து. அந்தக் காலத்தில் எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார்கள். மலேசியாவில் லட்சுமி 'லெட்சுமி' ஆனதும், தென்னாப்பிரிக்காவில் பிள்ளை 'பில்லே' ஆனதும் நமக்குத் தெரியும்.

இப்போது ஜான் வெஸ்லி. டங்கன் கரெட் வெஸ்லி வாரிசு தேடிக்கொண்டிருந்தபோது அவர் பார்வை முதலில் போனது இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த, ஜானின் தகப்பன் சாமுவேல் வெஸ்லியின் குடும்பத்தின் மேல். அவருக்குச் சார்லஸ் என்று ஒரு மகன் இருக்கிறானா என்று விசாரித்து எழுதினாராம். இருந்தான், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். சில வருஷங்கள் அந்தப் பையனின் செலவை அயர்லாந்திலிருந்து கட்டினார்கள். பிறகு தன்னோடு அயர்லாந்துக்கு வந்துவிடும்படி கேட்டபோது முடிவைப் பையனிடமே விட்டார் தகப்பன். சார்லஸ் வரமாட்டேன் என்றுவிட்டான். மெதடிஸ்ட் குடும்ப மரபு இதை இப்படித்தான் சொல்கிறது. பிற்காலத்தில் அண்ணன் ஜான் இதைப் பற்றிப் பேசும்போது, தம்பி நல்லவேளையாகத் தப்பித்தான் என்ற அர்த்தத்தில் சொன்னார்.

அந்தப் பையன்தான் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகள் எழுதிய சார்லஸ் வெஸ்லி. அவன் வேண்டாம் என்ற நிலம்தான் ரிச்சர்ட் கோலிக்குப் போனது. சார்லஸ் சரி என்றிருந்தால் கோலி குடும்பம் கோலியாகவே இருந்திருக்கும், வாட்டர்லூவில் ஒரு ஜெனரல் கோலி நின்றிருப்பார், அல்லது யாருமே நின்றிருக்கமாட்டார். இப்படியெல்லாம் யோசிப்பதில் பிரயோஜனம் இல்லை, ஆனாலும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் டங்கன் வெஸ்லிகளும் எப்வொர்த் வெஸ்லிகளும் ஒரே வேரா? அப்படி இணைத்துக் காட்டும் குடிவழி மரங்கள் நிறைய இருக்கின்றன. நடுவில் ஒரு தலைமுறையையாவது ஆவணம் இல்லாமல் தாண்டாமல் அவை வந்து சேர்வதில்லை. சாமுவேலின் தகப்பனாரே 'வெஸ்ட்லி' என்று ட் போட்டுத்தான் எழுதினார், சாமுவேல்தான் அந்த எழுத்தை விட்டார். மேற்கு வயலிலிருந்து வந்த பெயரும் வேறோர் ஊரிலிருந்து வந்த பெயரும் கடைசியில் ஒரே ஒலியில் முடிவது இங்கிலாந்தில் சாதாரணம். எப்படி இருந்தாலும் வெல்லிங்டனுக்கு இது பொருந்தாது. டங்கன் குடும்பத்துக்கே அவர் ஆண் வழியில் உறவில்லை எனும்போது எப்வொர்த்துக்கு எங்கே உறவு?

டங்கன் வெஸ்லிகளின் வேர் மட்டும் ஓரளவு தெளிவு. இங்கிலாந்தில் சோமர்செட்டில் வெல்ஸ் என்று பேராலயம் உள்ள ஒரு சிறு நகரம். ஊற்றுகள் இருப்பதால் அந்தப் பெயர். அதன் அருகே வெல்லெஸ்லி. 'லீ' என்பது பழைய ஆங்கிலத்தில் காட்டின் நடுவே வெட்டவெளி. வெல்ஸ்காரர்களின் வெட்டவெளி என்று கொள்ளலாம். அங்கிருந்து நார்மன்களோடு அயர்லாந்துக்குப் போன குடும்பத்தில், 13ஆம் நூற்றாண்டில் வாலரன் டி வெல்லெஸ்லி என்பவர் நீதிபதியாக இருந்திருக்கிறார். நாக்கு நீளமான பெயரைச் சுருக்கும், வெல்லெஸ்லி வெஸ்லி ஆனது. ஆக ரிச்சர்ட் சொன்னதுபோல வெல்லெஸ்லி பழைய எழுத்துதான். யாருடைய பழைய எழுத்து என்பதுதான் அவர் சொல்லாமல் விட்டது. ஆர்தரின் இன்னொரு சகோதரருக்கு ஜெரால்டு வலேரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய வாலரனின் எதிரொலியாக அது எனக்குக் கேட்கிறது. வாங்கின முன்னோரைச் சொந்த முன்னோராகவே நினைத்திருக்கிறார்கள்.

வெல்லிங்டன் வந்த விதம் இன்னும் வேடிக்கை. 1809 ஜூலையில் ஸ்பெயினில் டலவேரா யுத்தம். வைகவுண்ட் பட்டம் கொடுக்க முடிவாயிற்று. என்ன பெயரில் என்று கேட்கவேண்டும், ஆள் ஸ்பெயினில், கடிதம் போய் வர வாரங்கள் ஆகும், இலச்சினை அலுவலகத்துக்கு உடனே பதில் வேண்டும். லண்டனில் இருந்த அண்ணன் வில்லியம் வரைபடத்தை விரித்தார். வெல்லெஸ்லி என்ற பட்டத்தை ஏற்கெனவே மூத்தவர் எடுத்துவிட்டார். சோமர்செட்டில் வெல்லெஸ்லிக்குக் கொஞ்ச தூரத்தில், ஒலியும் ஒத்துப்போகிறாற்போல ஓர் ஊர்: வெல்லிங்டன். அதையே கொடுத்துவிட்டார். குடும்பத்துக்கும் அந்த ஊருக்கும் அதற்கு முன் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர் அற்பமாகவோ ரசக்குறைவாகவோ படாது என நம்புகிறேன் என்று கொஞ்சம் தயங்கித்தான் தம்பிக்கு எழுதினார். தம்பிக்குத் திருப்தி. தம்பி மனைவி கிட்டிக்குத்தான் பிடிக்கவில்லை. அந்தப் பெயர் எதையும் நினைவூட்டவில்லையே என்று நாட்குறிப்பில் குறைபட்டிருக்கிறார். செப்டம்பரில் ஆர்தர் 'வெல்லிங்டன்' என்று புதுக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். 1812இல் ஏர்ல், அதே வருஷம் மார்க்விஸ், 1814இல் டியூக். குடும்பப் பெயர் மட்டும் இன்றுவரை வெல்லெஸ்லிதான்.

பெயர் வைத்துக்கொடுத்த அந்த வில்லியமின் சொந்தப் பெயரே வெல்லெஸ்லி-போல். பாலிஃபின் என்ற இடத்தில் போல் என்ற உறவினரின் சொத்து 1781இல் அவருக்கு வந்தது, பெயரும் கூடவே வந்தது. அவர் மகன் 1812இல் பெரும் சொத்துக்காரியைக் கட்டி போல்-டில்னி-லாங்-வெல்லெஸ்லி ஆனார். அதைப் படிக்கவே மூச்சு வாங்கும். நான்கு பெயரில் எது அவருடைய ஆண் வழிப் பெயர் என்று பார்த்தால், ஒன்றுமே இல்லை. கடைசித் தம்பி ஹென்றிதான் சுற்றி வளைத்து வீட்டுக்கு வந்தவர். 1828இல் பாரன் பட்டம் கிடைத்தபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர் கௌலி. தாத்தா நூறு வருஷத்துக்கு முன் உதறின பெயர், எழுத்து மட்டும் இன்னும் பழசு.

நீங்களே தேடிப்பார்க்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30ஆம் தேதி உள்நாட்டுப் போரில் வெடித்து எரிந்துபோயிற்று. நூற்றாண்டுக் கணக்கான உயில்களும் ஏராளமான ஆலயப் பதிவேடுகளும் சாம்பல். உயில்களுக்கு அதற்கு முன்பே அச்சான அட்டவணையும் சிலர் கையால் எடுத்துவைத்த சுருக்கங்களும்தான் இப்போது கதி. ஆனால் 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவு அலுவலகம் வேறு கட்டடத்தில் இருந்ததால் பிழைத்தது. பெயரைவிட நிலத்தைத் துரத்தினால் சீக்கிரம் போய்ச் சேர்வீர்கள். தேடும்போது வெஸ்லி, வெஸ்ட்லி, வெல்ஸ்லி, வெல்லெஸ்லி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிரபுக் குடும்ப வரலாற்றுத் தொகுப்புகளில் 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தின பகுதி பெரும்பாலும் குடும்பத்தார் சொன்னதை அப்படியே அச்சடித்தது, அதில் பாதிக்கு மேல் நான் நம்பமாட்டேன்.

உங்கள் தாத்தா விஷயம். அந்த வெஸ்லி எப்வொர்த் வெஸ்லி. வெஸ்லியன் மிஷனரிகள் 1814இல் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். (இந்தக் காலி வேறு!) அங்கிருந்து யாழ்ப்பாணம் போனவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் என்ற ஐரிஷ்காரர் 1817இல் சென்னைக்கு வந்தார். ராயப்பேட்டை அவர்களுடைய தொடக்கத் தளங்களில் ஒன்று. அங்கே வெஸ்லி பெயரில் பள்ளி இன்றும் இருக்கிறது, கொழும்பில் வெஸ்லி கல்லூரி இருக்கிறது. அந்தச் சபைகளில் பிள்ளைகளுக்கு வெஸ்லி என்று ஞானஸ்நானப் பெயர் வைப்பது வழக்கமாயிற்று. தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டு வீட்டில் இருந்தால் எந்தச் சபை, எந்தப் பாதிரியார் என்று பாருங்கள். அதை வைத்துக்கொண்டு மேலே தேடலாம்.